மணிச்சத்தை (பாஸ்பரஸை) அந்தந்த மண்ணுக்கு ஏற்ற முறையில் சோதித்துச் சொல்லக் கோரும் மனு

பெறுநர்: மண் பரிசோதனை நிலைய அலுவலர் அவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இதே விஷயமாக முன்பு கொடுத்த மனுக்களுக்குப் பதில் வராததால் மறுபடியும் எழுதுகிறோம். எங்கள் நிலம் தாங்கள் அறியாததல்ல. மேட்டில் புளிப்பான செம்மண், பள்ளத்தில் சுண்ணாம்புக் கரிசல். இரண்டுக்கும் அறிக்கையில் ஒரே வரிதான் வருகிறது: மணிச்சத்து குறைவு, அடியுரத்தைக் கூட்டவும்.

1. செம்மண்ணில் போடும் மணிச்சத்தை இரும்பும் அலுமினியமும் பிடித்துக்கொள்கின்றன, கரிசலில் கால்சியம் பிடித்துக்கொள்கிறது. பூட்டு வேறு வேறாக இருக்கும்போது பரிந்துரை மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

2. மண்ணில் உள்ள மணிச்சத்தை அளக்கும் பிரே முறைக் கரைசல் அமிலத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு மண்ணில் ஊற்றினால் சுண்ணாம்பே அந்த அமிலத்தை முறித்துவிடும், வரும் எண்ணை நம்ப முடியாது. அந்த மண்ணுக்கென்றே சோடியம் பைகார்பனேட் கொண்டு செய்யும் ஓல்சன் முறை 1954-லிருந்து இருக்கிறது. எங்கள் மண்ணை எந்த முறையில் பார்த்தீர்கள் என்று அறிக்கையில் ஒரு சொல் கிடையாது.

3. எங்களை அதிகம் வாட்டுவது இதுதான். சொன்னபடியே மணிச்சத்து தரும் டிஏபி உரம் போட்டும் மக்காச்சோள நாற்று ஊதா நிறம் ஏறி நிற்கிறது. இலை ஓரம் முழுக்க ஊதா, பிடுங்கிப் பார்த்தால் வேர் நூல் மாதிரி. போட்ட மணிச்சத்தில் ஐந்தில் ஒரு பங்கு அந்தப் பருவத்திலேயே பயிருக்குக் கிடைத்தால் பெரிது, மீதி மண்ணோடு இறுகிக்கொள்கிறது. அதைக் கேட்டு வந்தால் "இன்னும் போடுங்கள்" என்கிறீர்கள். போட்டோம் ஐயா! கரிசலில் இப்போது துத்தநாகக் குறையும் சேர்ந்துகொண்டு இலையில் வெள்ளைப் பட்டை விழுகிறது. இதற்கு மேல் எதைப் போடுவது? மண்ணில் உள்ள மணிச்சத்தில் பாதி வரைகூட அங்ககப் பொருளில் இருக்கும், நுண்ணுயிர்கள் சிதைத்தால்தான் அது வேருக்கு வரும், தொழு உரம் மட்கும்போது வரும் அமிலங்கள் இறுகியதையும் கொஞ்சம் இளக்கும் என்பதெல்லாம் தாங்கள் படித்ததுதானே? அப்புறம் வெறும் வைக்கோலை உழுதுவிட்டால் நுண்ணுயிர்களே இருக்கிற மணிச்சத்தையும் எடுத்துக்கொள்ளும். எதை, எவ்வளவு, எப்போது இடுவது என்று யார் சொல்வார்கள்?

4. மண்ணில் அங்ககப் பொருள் எவ்வளவு என்று காட்டும் அங்ககக் கரிமம் என்ற கட்டம் அறிக்கையில் காலியாகவே வருகிறது. ஏன் ஐயா?

தயவுசெய்து மேட்டு மண்ணையும் பள்ளத்து மண்ணையும் தனித்தனியாக, அதற்கேற்ற முறையில் பாருங்கள். கார அமில நிலையையும் அங்ககக் கரிமத்தையும் சேர்த்து எழுதுங்கள். அடுத்த விதைப்புக்கு அடியுரம் போடும் முன் அறிக்கை கைக்கு வர வேண்டும். மறுபடியும் கேட்கிறோம், இந்த முறையாவது பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
மேட்டு நில, பள்ள நில விவசாயிகள்