தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுத்துவிடாதே

தோ பாயோ, சிங்கப்பூர்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் வந்த அன்று, அக்காவின் பேரனைத் தேசிய சேவைக்கு (கட்டாய இராணுவப் பயிற்சிக்கு)த் தெக்கோங் தீவில் விட்டுவிட்டு அப்போதுதான் வீடு திரும்பியிருந்தேன். இப்போதெல்லாம் குடும்பமே படகேறிப் போய், அங்கே ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு வரலாம். பையன் அழவில்லை, அக்காதான் அழுதாள். அவனுக்குத் தரப்போகும் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியில் ஒன்றரை மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கி கூடவே பொருந்தியிருக்கிறது. நீயும் நானும் அந்தக் காலத்து எம்16 துப்பாக்கியின் பின்துளை வழியே கண்ணைச் சுருக்கிப் பார்த்து, தோட்டாவின் முனையால் குறியைத் திருகியவர்கள்!

சரி, உன் வழக்குக்கு வருகிறேன். பெர்த்தில் பழைய துப்பாக்கித் தொலைநோக்கி ஒன்றை வாங்கி ஏமாந்துவிட்டதாகவும், அதைத் திருப்பிக் கொடுக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். 100 மீட்டரில் தோட்டா, கண்ணாடிக்குள் தெரியும் புள்ளிகளில் ஒரு புள்ளி அளவு, அதாவது ஒரு மில் என்ற கோண அளவு, கீழே விழுந்தது; குறியை நகர்த்தும் திருகைப் பத்து கிளிக் (பத்துப் படி) ஏற்றியும் கிட்டத்தட்ட மூன்று சென்டிமீட்டர் கீழேயே நின்றது. 200 மீட்டரிலும் அதே ஒரு புள்ளி, அதே பத்து கிளிக். இப்போது ஐந்தரை சென்டிமீட்டர் கீழே. இந்த இரண்டு எண்களையும் நீ எழுதியது நல்லதாயிற்று. தூரம் இரட்டித்ததும் பிழையும் இரட்டித்திருக்கிறது, பார்த்தாயா? பழுதான திருகு இவ்வளவு ஒழுங்காகப் பிழை செய்யாது. கணக்கில்தான் ஏதோ இடிக்கிறது.

திருகின் மேல் ஒரு கிளிக்குக்குக் கால் எம்ஓஏ (மினிட் ஆஃப் ஆங்கிள்) என்று பொறித்திருப்பதாகச் சொல்கிறாய். அது ஒன்றும் புது அளவு இல்லை. உங்கள் அம்மா வைத்திருந்த பஞ்சாங்கத்தில் ஒரு நட்சத்திரத்துக்கு 13 பாகை 20 கலை என்று போட்டிருக்குமே, அந்தக் கலைதான் அது. ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. முழு நிலவின் அகலமே ஏறக்குறைய 31 கலை. உன் குறியை நிலவின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு நகர்த்த 120 கிளிக்குக்கு மேல் ஆகும். 100 மீட்டரில் ஒரு கலை 2.9 சென்டிமீட்டரை அடைக்கும். ஆகவே உன் ஒரு கிளிக் 0.73 சென்டிமீட்டர்.

கண்ணாடிக்குள் தெரியும் புள்ளிகளோ மில் அளவில் இருக்கின்றன. ஆயிரம் மீட்டரில் ஒரு மீட்டரை அடைக்கும் கோணம் ஒரு மில். 100 மீட்டரில் பத்து சென்டிமீட்டர். நீ புள்ளியைப் பார்த்து ஒரு மில் என்று அளந்துவிட்டு, ஒரு கிளிக் அதில் பத்தில் ஒரு பங்கு என்று எண்ணிப் பத்து திருப்பியிருக்கிறாய். பத்து கிளிக் இரண்டரை கலைதான், அதாவது 7.3 சென்டிமீட்டர். ஒரு மில்லுக்கோ 3.44 கலை. பதினான்கு கிளிக் வேண்டும். முழத்தால் அளந்துவிட்டுச் சாணால் வெட்டியிருக்கிறாய், அவ்வளவுதான். பழைய தொலைநோக்கிகள் பலவற்றில் இப்படித்தான் புள்ளி ஓர் அளவிலும் திருகு வேறோர் அளவிலும் இருந்தன. யாருக்குத் தோன்றிய யோசனையோ!

இன்னொன்று. பெரிதாக்கும் வளையத்தைத் திருப்பும்போது புள்ளிகளும் கூடவே பெரிதாகின்றனவா என்று பார். அளவு மாறாமல் அப்படியே நின்றால், குறிப்பிட்ட ஒரு பெருக்கத்தில் மட்டுமே புள்ளிகளின் மில் கணக்கு சரியாக இருக்கும்.

உன்னைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. 25 மீட்டரில் ஒரு கிளிக் 0.7 சென்டிமீட்டர் என்று கற்றுக்கொடுத்ததை வேதவாக்காக வைத்துக்கொண்டு, 300 மீட்டரில் 'கொஞ்சம்தானே' என்று நான்கு கிளிக் திருப்பியவன் நான். ஓர் அங்குலம் நகரும் என்று நினைத்தது ஓரடிக்கு மேல் நகர்ந்தது. பக்கத்துக் குழியில் நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. கிளிக் என்பது கோணம், தூரம் போகப் போக விரியும் என்பது நில அளவை வேலையில் சேர்ந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

மில் இன்றும் எனக்குக் கைகொடுக்கிறது. நம் திசைகாட்டியில் சுற்றுக்கு 6400 மில் இருந்தது நினைவிருக்கிறதா? கணக்குப்படி வரவேண்டியது 6283. பங்கிட வசதியாக இராணுவம் 6400 ஆக்கிக்கொண்டது. அந்த இரண்டு சதவீத வித்தியாசம் என் விளையாட்டுக்கு ஒரு பொருட்டில்லை. ஞாயிறு மாலை ஈஸ்ட் கோஸ்ட் கடற்கரையில் மில் கோடு போட்ட பழைய இருகண் நோக்கியோடு உட்கார்ந்து நங்கூரமிட்ட கப்பல்களைப் பார்ப்பேன். பக்கவாட்டில் தெரியும் நாற்பதடிக் கொள்கலன் 12.2 மீட்டர் நீளம். அது நான்கு மில்லை அடைத்தால் கப்பல் மூன்று கிலோமீட்டர் தொலைவில் நிற்கிறது. மனைவிக்கு இதில் துளியும் ஆர்வமில்லை. சோளம் வாங்கித் தந்தால் போதும் என்கிறாள்.

முழங்கால் வலி குறைந்திருக்கிறது. தேக்கா சந்தைக்கு நடந்தே போய்வருகிறேன் என்று சொன்னால் நம்பமாட்டாய், பஸ்ஸில்தான்.

அடுத்த சனிக்கிழமை பதினான்கு கிளிக் வைத்துச் சுட்டுவிட்டு, துளை விழுந்த அட்டையைப் படமெடுத்து அனுப்பு. அதுவரை கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதே.

அன்புடன்,
இராமு