இறக்கிய இன்ஜினும் ஏற்றிய இன்ஜினும்

பர்லிங்டன், வெர்மான்ட்
அக்டோபர் கடைசி ஞாயிறு

அன்புள்ள மாப்ள,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. சோம்பேறித்தனம் என்று திட்டாதே. பேனா பிடிக்கிற கை முழங்கை வரை கிரீஸில் இருந்தது, அவ்வளவுதான்.

பெரியவளுக்கு நிச்சயம் முடிந்ததில் எங்கள் இரண்டு பேருக்கும் அப்படி ஒரு சந்தோஷம். மாப்பிள்ளை வீட்டார் எதுவும் கேட்கவில்லை என்று எழுதியிருந்தாய். கேட்காதவர்களிடம்தான் பார்த்து நடந்துகொள்ள வேண்டும் என்கிறாள் இவள். தை மாதம் கட்டாயம் வருகிறோம்.

அதே கடிதத்தில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறாய், கவனித்தாயா? முதல் பக்கத்தில், பட்டறைக்குக் கம்ப்யூட்டர் ஓட்டுகிற சி.என்.சி. மிஷின் வந்தபிறகும் அப்பா காலத்து லேத்தை எடைக்குப் போட மனசு வரவில்லை என்கிறாய். மூன்றாம் பக்கத்தில், "அந்தப் பழைய வண்டியைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு ஒன்று வாங்கித் தொலைடா" என்கிறாய். உனக்கு ஒரு நியாயம், எனக்கு ஒரு நியாயமா?

நான் தூக்கிப் போடவில்லை. இன்ஜினை மாற்றிவிட்டேன்.

வண்டி உனக்குப் போட்டோவில் பழக்கம்தான். 1998 சுபாரு லெகசி அவுட்பேக், ஆட்டோமேட்டிக், நாலு சக்கரமும் இழுக்கும் ஸ்டேஷன் வேகன். இந்த மாநிலத்தில் பாதிக்கு மேல் மண் சாலை. ஏப்ரலில் பனி உருகினால் நம் ஊர் நாற்று வயல் தோற்கும். மட் சீசன் என்று ஐந்தாவது பருவமாகவே அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். தெருவுக்கு நாலு சுபாரு நிற்பது அதனால்தான். சுபாரு என்றால் ஜப்பானிய மொழியில் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம், தெரியுமா? ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஒன்றானதற்கு ஐந்து சின்ன நட்சத்திரம், ஒரு பெரிய நட்சத்திரம், ஆக மொத்தம் ஆறு, முகப்பில் பதித்திருப்பான். நம் கணக்கிலும் கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர்தானே. கிருத்திகைக்கு வண்டிக்குப் பொட்டு வைத்தால் இவள் சிரிக்கிறாள்.

இன்னொன்று, உனக்குப் பிடிக்கும். இந்த நாலு சக்கரமும் இழுக்கிற வேகன் எப்படிப் பிறந்தது என்றால், ஜப்பானின் வடகிழக்கில் தோஹோகு மின்சாரக் கம்பெனி. மலையில், பனியில் போய் மின்கம்பி பார்க்கிற ஆட்களுக்கு ஜீப் குளிரில் உதறுகிறது, உள்ளே கொஞ்சம் சொகுசாக இருக்கிற மாதிரி ஒரு வண்டி கிடைக்குமா என்று கேட்டார்கள். சாதாரண சுபாரு வேனுக்குப் பின்னால் வேறொரு ஜப்பான் காரின் டிஃபரன்ஷியலை, அதாவது பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கிற பெட்டியை, ஒட்டி 1971 வாக்கில் செய்து கொடுத்தார்கள். அடுத்த வருஷமே லியோனே என்ற பெயரில் கடைக்கு வந்துவிட்டது. ஆக லைன்மேனுக்காகப் பிறந்த வண்டி. உங்கப்பா ஈ.பி.யில் இருந்தபோது சைக்கிள் பாரில் ஏணியைக் கட்டிக்கொண்டு போனது ஞாபகம் வந்தது.

சரி, இன்ஜின் போனது எப்படி என்று கேட்பாய். சொன்னால் நீ அடிப்பாய். 1 லட்சத்து 5 ஆயிரம் மைலில் வால்வையும் பிஸ்டனையும் தாளம் தப்பாமல் ஓட வைக்கிற டைமிங் பெல்ட்டை மாற்ற வேண்டும் என்பது புத்தகத்தில் இருக்கிறது. சரியாக மாற்றினேன். ஆனால் பெல்ட்டை மட்டும் மாற்றினேன். அந்தப் பெல்ட்டைத் தாங்கி ஓடுகிற ஐட்லர் புல்லிகளைக் கையால் சுற்றிப் பார்த்து, "நல்லாத்தானே ஓடுது" என்று விட்டுவிட்டேன். மிச்சம் பண்ணியது தொண்ணூறு டாலர். போன ஜூலையில், 1 லட்சத்து 61 ஆயிரத்தில், மளிகைக் கடை வாசலில் அந்தப் புல்லிகளில் பல் வைத்த ஒன்றின் பேரிங் இறுகி நின்றுவிட்டது. பெல்ட்டின் பல்லெல்லாம் தேங்காய்ப் பூ மாதிரி உதிர்ந்து கவருக்குள் கிடந்தது.

இந்த 2.5 லிட்டர் இன்ஜினில் பெல்ட் போனால் எல்லாம் போச்சு. வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ட் நாலு, வால்வ் பதினாறு. பிஸ்டன் வால்வை இடிக்கும். அது போதாதென்று இன்டேக் வால்வும் எக்ஸாஸ்ட் வால்வும் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும். வால்வ் உட்கார்ந்திருக்கிற ஹெட்டைக் கழற்றி, வால்வ் மாற்றி, சீட் வெட்டி எடுக்க இங்கே கேட்ட கூலிக்கு வண்டியே வராது. உன் பட்டறை பக்கத்துத் தெருவில் இருந்திருந்தால் கதை வேறு.

அப்போதுதான் 2.2 ஞாபகம் வந்தது. அதே சுபாருவின் சின்ன இன்ஜின். 2,457 சி.சி.க்குப் பதில் 2,212. குதிரைத்திறன் 165-லிருந்து 135-க்கு இறங்கும். ஆனால் 1996 வரை வந்த 2.2-ல் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வைத் தொடாது. வண்டி நிற்கும், அவ்வளவுதான். ஓரமாக நிறுத்தி, வேறு பெல்ட் போட்டு, கிளம்பிப் போகலாம். என்னைப் போல தொண்ணூறு டாலர் பார்க்கிறவனுக்கு அதுதான் சரியான இன்ஜின்.

எல்லா 2.2-ம் உட்காராது. என் வண்டிக் கம்ப்யூட்டர், புகையில் கொஞ்சத்தைத் திரும்ப இன்ஜினுக்குள் விடுகிற ஈ.ஜி.ஆர். வால்வைத் தேடும், இல்லையென்றால் டாஷ்போர்டில் விளக்கைப் போட்டுவிடும். எக்ஸாஸ்ட் பைப்பும் ஒரு பக்கத்துக்கு இரண்டு துளை உள்ள ஹெட்டுக்குத்தான் பொருந்தும். இரண்டும் சேர்ந்து வருவது 1995 ஆட்டோமேட்டிக் வண்டியில். மூன்று காயலான் கடை ஏறி இறங்கினேன். மூன்றாவதில், பின்பக்கம் நசுங்கி ஒரு வேகன். டார்ச்சோடு அடியில் படுத்துப் பார்த்தேன். பக்கத்துக்கு இரண்டு துளை. மேலே ஈ.ஜி.ஆர். வால்வும் இருந்தது. டிப் ஸ்டிக்கில் எண்ணெய் தேன் நிறம். 350 டாலர், கழற்றும் வேலை நம்முடையது.

கழற்றுவது என்றால் இந்த ஊரில் பாதி வேலை துருவோடுதான். குளிர்காலம் முழுக்கச் சாலையில் உப்புப் போடுகிறான். எக்ஸாஸ்ட் பைப்பைப் பிடிக்கிற ஸ்டட், அதான் தலையில்லாத போல்ட், ஒன்று உடைந்து கையோடு வந்துவிட்டது. என் பழைய இன்ஜினில் உடைந்திருந்தால் கவலையே இல்லை, அது எப்படியும் எடைக்குப் போகிறது. உடைந்தது வாங்கின இன்ஜினில். உன்னிடம் கற்ற வித்தைதான் காப்பாற்றியது. மிச்சமிருந்த முனையில் ஒரு நட்டை வைத்து உள்ளே வெல்ட் குத்தி, சூடு தணியத் தணிய ஸ்பானரைப் போட்டேன். கிறீச்சென்று அசைந்தது பார், அந்தச் சத்தத்துக்கு ஒரு கச்சேரியே ஈடாகாது.

இறக்கி ஸ்டாண்டில் மாட்டியபின் இரண்டு நாள் அதோடுதான் குடித்தனம். கேம் சீல், கிராங்க் முன் சீல், வாட்டர் பம்ப், பெல்ட், எல்லா ஐட்லரும், ஆமாம், எல்லாமும், புதுசு. ஆயில் பம்பின் முதுகுத் தகட்டு ஸ்க்ரூக்கள் லூசாகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். கழற்றினால் இரண்டு ஸ்க்ரூ விரலிலேயே சுழன்றது. லாக்டைட் பசை தடவி இறுக்கினேன். இன்ஜினுக்குப் பின்னால் எண்ணெய் ஆவியைப் பிரிக்கிற ஒரு பிளாஸ்டிக் செபரேட்டர் தகடு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கசிவு. இரும்புத் தகடு வாங்கிப் போட்டேன். பின் மெயின் சீல் கசிவில்லாமல் சுத்தமாக இருந்தது. அதை நோண்டவில்லை.

பெல்ட் மாட்டும்போது ஒரு பொறி இருக்கிறது. பெல்ட்டை ஓட்டுகிற கிராங்க் பல்சக்கரத்தில் கண்ணைப் பறிக்கிற மாதிரி ஒரு அம்புக்குறி. அது டைமிங் குறியே இல்லை. உண்மையான குறி பின்விளிம்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு சின்னக் கோடு. அம்பை நம்பினவன் கெட்டான். நான் முதலில் அம்பைத்தான் நம்பினேன்.

ஏற்றுகிற நாள்தான் சோதனை. கிளட்ச் இருக்க வேண்டிய இடத்தில் இதில் டார்க் கன்வெர்டர். இரண்டு வாணலியை வாய்க்கு வாய் வைத்து ஒட்டி உள்ளே எண்ணெய் நிரப்பின மாதிரி இருக்கும். அது கியர் பாக்ஸுக்குள் படிப்படியாகப் போய் உட்கார வேண்டும். கடைசிப் படியில் கியர் பாக்ஸின் ஆயில் பம்ப் காதில் மாட்டும். வாடகைக் கிரேனில் இன்ஜின் தொங்குகிறது, பக்கத்து வீட்டுக்காரர் ரேடியேட்டர் இருந்த பள்ளத்தில் நின்று தள்ளுகிறார், நான் இன்ஜினும் கியர் பாக்ஸும் சேர்கிற பெல் ஹவுசிங் ஓரத்தில் டார்ச் அடித்துப் பார்க்கிறேன். அரை அங்குல இடைவெளி. ஆட்டினோம், சாய்த்தோம், மூடவில்லை. மனுஷன் நீளமான போல்ட்டைக் காட்டி, "இதை மாட்டி இறுக்கினால் தானே இழுத்துக்கொள்ளும்" என்றார். மணி ஏழு, இருட்டுகிறது, பசி. எனக்கும் கை துறுதுறுத்தது. அப்போது உங்கப்பா குரல் கேட்ட மாதிரி இருந்தது: "கையால போகாதது போல்ட்டால போகக்கூடாதுடா."

இன்ஜினை வெளியே இழுத்தோம். கன்வெர்டரின் இரண்டு பக்கமும் உள்ளங்கையை வைத்து அழுத்தியபடி மெல்லச் சுற்றினேன். மூன்றாவது சுற்றில் 'டொக்' என்று முக்கால் அங்குலம் உள்ளே விழுந்தது. போல்ட்டைப் போட்டு இழுத்திருந்தால் கியர் பாக்ஸ் பம்ப் சுக்குநூறாகியிருக்கும். திரும்பத் தள்ளியபோது இன்ஜின் தானாகப் போய் ஒட்டிக்கொண்டது. பக்கத்து வீட்டுக்காரர் ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய் இரண்டு தம்ளர் ஆப்பிள் சைடர் கொண்டு வந்தார்.

ஒயரிங் எல்லாம் பழைய பிளக்கிலேயே பொருந்தியது. ரேடியேட்டர் தண்ணீரை முதலில் மேல் ஹோஸ் வழியாக இன்ஜினுக்குள் ஊற்றி, காற்றை வெளியேற்றி, பிறகுதான் ஹோஸை மாட்டினேன். சாவி திருப்பினதும் இரண்டாவது சுழற்சியில் பிடித்தது. உடனே தையல் மிஷின் மாதிரி டிக் டிக் டிக். இவள் சமையலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள். வால்வைத் தள்ளுகிற ஹைட்ராலிக் டாப்பெட்டில் எண்ணெய் ஏறவில்லை என்று தெரியும், தெரிந்தும் வயிற்றைப் பிசைந்தது. பத்து நிமிஷத்தில் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் ஒன்றே ஒன்று மட்டும் கொஞ்ச நேரம் தனியாகத் தட்டிக்கொண்டிருந்து அதுவும் நின்றது.

ஓட்டிப் பார்த்தேன். அப்பலாச்சியன் கேப் என்று இங்கே ஒரு செங்குத்தான மலைச்சாலை. அந்த 30 குதிரை காணாமல் போனது அங்கே தெரிகிறது. முன்பு நான் முந்திப் போன டிரக்குக்கு இப்போது பின்னாலேயே போகிறேன். எங்கே என்ன அவசரம்? இலையுதிர் காலத்து மேப்பிள் மரங்களை இந்த வருஷம்தான் ஒழுங்காகப் பார்த்தேன்.

அங்கே என்றால் ஆர்.சி. புத்தகத்தில் இன்ஜின் நம்பரை மாற்ற ஆர்.டி.ஓ. ஆபீஸுக்கு நடக்க வேண்டும். இங்கே வண்டிப் பத்திரத்தில் சேஸிஸ் நம்பர் மட்டும்தான், அந்தத் தொல்லை இல்லை.

தைக்கு முன்னாலேயே என் அக்கா பையன் டிசம்பரில் அங்கே வருகிறான். அவன் கையில் உனக்கு ஒரு பொட்டலம் கொடுத்தனுப்புகிறேன். பழைய இன்ஜினில் வளைந்துபோன வால்வ் இரண்டு. ஒன்றை உன் அப்பா லேத்தில் பிடித்துச் சுற்றி, எத்தனை மில்லி ஆட்டம் என்று டயல் கேஜ் வைத்துப் பார்த்து எழுது. கண்ணால் பார்த்தால் இரண்டு மில்லி இருக்கும் என்கிறேன் நான். பக்கத்து வீட்டுக்காரர் மூன்று என்கிறார். ஒரு சைடர் பந்தயம்.

வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். அத்தைக்கு முட்டி வலி எப்படி இருக்கிறது என்று எழுதவே இல்லையே நீ.

உன்
பழைய ரூம் மேட்