பேருந்து நிற்கும் உணவகத்துக்குப் பொறுப்பு யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நெடுந்தூரப் பேருந்துகள் இரவில் நின்று செல்லும் பயணவழி உணவகங்களைப் பற்றி, தங்கள் நாளிதழ் வழியாகப் போக்குவரத்துத் துறைக்கு ஒரு கோரிக்கை வைக்க விரும்புகிறேன். உணவு சரியில்லை, விலை அதிகம், கழிப்பறைக்குள் கால் வைக்க முடியவில்லை என்ற புகார்கள் புதியவை அல்ல. வாசகர்கள் பலர் பலமுறை எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வருவது அந்தப் புகார்களுக்கெல்லாம் அடியில் இருக்கும் ஒன்றை. ஊருக்குள் ஓர் உணவகம் பிடிக்கவில்லை என்றால் எழுந்து அடுத்த தெருவுக்குப் போய்விடலாம். பேருந்துப் பயணிக்கு அந்த வழி கிடையாது. அவர் எங்கே சாப்பிட வேண்டும், எத்தனை மணிக்குச் சாப்பிட வேண்டும், எத்தனை நிமிடங்களில் சாப்பிட்டு முடிக்க வேண்டும் என்ற மூன்றையும் பேருந்தை இயக்குபவரே முடிவு செய்கிறார். அப்படியிருக்க, அங்கே பரிமாறப்படும் உணவுக்கும் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

இதை எழுதத் தூண்டியது அண்மையில் என் தாயாருடன் நாகர்கோவிலிலிருந்து சென்னைக்குச் சென்ற ஓர் இரவுப் பயணம். அவருக்கு வயது 74. இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறார். மாத்திரை போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும் என்பது மருத்துவர் சொன்ன கட்டுப்பாடு. மாலை 6 மணிக்குப் பேருந்து புறப்பட்டது. கோவில்பட்டியை நெருங்கும்போது, சாப்பாட்டுக்கு எப்போது நிற்கும் என்று பணியாளரிடம் கேட்டேன். “இன்னும் அரை மணி நேரத்தில் நின்றுவிடும், அம்மா” என்றார். அதை நம்பி 8.30 மணிக்கு மாத்திரையைக் கொடுத்துவிட்டேன். கோவில்பட்டி போயிற்று, சாத்தூர் போயிற்று, விருதுநகரும் போயிற்று, பேருந்து நிற்கவில்லை. பத்து மணி வாக்கில் தாயாருக்கு உடல் வியர்த்து, கை நடுங்கத் தொடங்கியது. பக்கத்து இருக்கையில் இருந்த பெண்மணி தம் வீட்டுக்கு வாங்கி வைத்திருந்த கோவில்பட்டிக் கடலை மிட்டாய்ப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்திராவிட்டால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைக்க அஞ்சுகிறேன்.

மதுரையைத் தாண்டிப் பேருந்து ஓர் உணவகத்தில் நின்றபோது மணி 11.10. இட்லி கேட்டோம், இல்லை என்றார்கள். இருந்தவை பரோட்டாவும் தோசையும் மட்டுமே. விலைப்பட்டியல் எங்கும் தென்படவில்லை. ஒரு தோசைக்கு 90 ரூபாய் வாங்கிக்கொண்டு, கடையின் பெயர்கூட இல்லாத ஒரு சிறிய சீட்டைக் கொடுத்தார்கள். சாம்பார் ஆறிப்போய்ப் புளித்திருந்தது. கழிப்பறை கட்டடத்தின் பின்னால், விளக்கில்லாத ஈரத் தரையைக் கடந்து இருந்தது. அதற்கு ஆளுக்குப் பத்து ரூபாய். முழங்கால் வலியுள்ள ஒரு மூதாட்டியை அந்த வழுக்குத் தரையில் கைப்பிடித்து அழைத்துச் சென்று திரும்பும்போது ஓட்டுநர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டிருந்தார். வாங்கிய தோசையில் பாதியை அப்படியே விட்டுவிட்டுத்தான் ஏறினோம்.

இந்த நிலை எப்போதும் இருந்ததில்லை. நான்கு வழிச்சாலைகள் வருவதற்கு முன் வெளியூர்ப் பேருந்துகள் ஊருக்குள் புகுந்து பேருந்து நிலையத்தில் நின்று சென்றன. நிலையத்தைச் சுற்றி நாலைந்து கடைகளாவது இருக்கும். அவற்றில் கூட்டம் உள்ள கடையைப் பார்த்துப் போனால் ஏமாறாமல் சாப்பிடலாம் என்பது பயணம் செய்பவர்கள் எல்லோரும் அறிந்த கணக்கு. உள்ளூர்க்காரர்களும் அங்கே சாப்பிடுவதால் மாவு புளித்தாலோ எண்ணெய் காறினாலோ மறுநாளே வியாபாரம் படுத்துவிடும். இப்போது பேருந்துகள் புறவழிச்சாலையிலேயே ஓடிவிடுகின்றன. விருதுநகர் எண்ணெய் பரோட்டாவும் சாத்தூர்ச் சேவும் அந்தந்த ஊர்களுக்குள் இருக்க, நாம் அவற்றின் விளக்கு வெளிச்சத்தைத் தொலைவில் பார்த்துக்கொண்டு கடந்து போகிறோம். பயண நேரம் மிச்சமாகிறது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் சுற்றிலும் வேறு கடையே இல்லாத வெட்டவெளியில் தனித்து நிற்கும் உணவகத்துக்கு வாடிக்கையாளரின் அதிருப்தியால் எந்த இழப்பும் இல்லை. இன்று முகம் சுளித்துப் போனவர் நாளை வரமாட்டார்தான், ஆனால் நாளைக்கும் நாற்பது பேருடன் வேறொரு பேருந்து வந்து நிற்கும். ஊருக்குள் வாடிக்கையாளர் செய்து வந்த கண்காணிப்பை இங்கே வேறு யாராவது செய்தாக வேண்டும்.

அரசு விரைவுப் பேருந்துகளைப் பொறுத்தவரை, அவை நிற்கும் உணவகங்கள் ஒப்பந்தப்புள்ளி மூலம் தேர்ந்தெடுக்கப்படுகின்றன. உரிமம் பெற்ற உணவகம் அதற்கான கட்டணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்குச் செலுத்துகிறது. நல்ல உணவு, அதிகபட்ச சில்லறை விலைக்கு மிகாத விற்பனை, கணினி ரசீது, கட்டணமில்லாக் கழிப்பறை போன்றவை ஒப்பந்த நிபந்தனைகளில் இல்லாமல் இல்லை. 2022-ஆம் ஆண்டு சைவ உணவு மட்டுமே பரிமாற வேண்டும் என்ற ஒரு நிபந்தனை இடம்பெற்று, எதிர்ப்பு எழுந்ததும் அது கைவிடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மக்கள் குரல் எழுப்பினால் நிபந்தனை மாறும் என்பதற்கு அது சான்று. ஆனால் அன்று சைவமா அசைவமா என்பதில் நாம் காட்டிய அக்கறையில் ஒரு பங்கையாவது, மற்ற நிபந்தனைகள் நள்ளிரவு 12 மணிக்கு நடைமுறையில் இருக்கின்றனவா என்பதில் காட்டியிருக்கலாம் என்ற வருத்தம் எனக்கு உண்டு. தனியார் ஆம்னிப் பேருந்துகளின் நிலையோ இன்னும் மோசம். அங்கே உணவகத்தைத் தேர்வு செய்ய எந்த நிபந்தனையும் பயணிகளின் கண்ணுக்குத் தெரிவதில்லை.

சட்டங்களுக்கும் குறைவில்லை. 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரச் சட்டத்தின்படி, சுகாதாரமற்ற சூழலில் உணவு தயாரித்தால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். திரும்பத் திரும்பக் காய்ச்சும் எண்ணெயில் உருவாகும் கேடான பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளது. உணவகத்தின் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் ரசீதில் இருக்க வேண்டும் என்பது 2022 ஜனவரி 1 முதல் கட்டாயம். ரசீதில் அந்த எண் இருந்தால்தான் பயணி வீடு போய்ச் சேர்ந்த பிறகாவது புகார் செய்ய முடியும். இரவில் ஏதோ ஓர் இடத்தில் இறங்கிச் சாப்பிட்டவரிடம் எந்த ஊர், எந்தக் கடை என்று கேட்டால் அவர் என்ன சொல்வார்? பெயரற்ற சீட்டைக் கையில் திணிப்பதன் நோக்கம், புகாருக்கு முகவரியே இல்லாமல் செய்வதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

தண்ணீர் பாட்டில், பிஸ்கட் ஆகியவற்றின் விலையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதிகபட்ச சில்லறை விலைக்கு மேல் விற்பதைத் தட்டிக் கேட்டால், உணவகங்கள் அப்படி விற்கலாம் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதாகச் சில கடைக்காரர்கள் பதில் சொல்கிறார்கள். உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில் அளித்த தீர்ப்பு, அமர்ந்து உண்ணும் இட வசதியோடும் சேவையோடும் சேர்த்துத் தண்ணீர் வழங்கும் விடுதிகளையும் உணவகங்களையும் பற்றியது. வாசலில் தட்டி போட்டு, நின்றபடி காசை வாங்கிக்கொண்டு பாட்டிலை எடுத்துக் கொடுக்கும் பெட்டிக்கடைக்கு அந்தத் தீர்ப்பைக் கேடயமாக்குவது எந்த வகையிலும் பொருந்தாது. ரயில் நிலையங்களில் ‘ரயில் நீர்’ ஒரு லிட்டர் 14 ரூபாய்க்குக் கிடைக்கிறது. நம் மாநிலத்திலேயே 2013 செப்டம்பர் முதல் பேருந்து நிலையங்களில் ஒரு லிட்டர் குடிநீர் 10 ரூபாய்க்கு விற்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. கும்மிடிப்பூண்டியில் அதற்கென்றே ஆலை அமைத்து நடத்த முடிந்த அரசுக்கு, தன் பேருந்துகள் நிற்கும் இடங்களில் விலையைக் கட்டுப்படுத்துவது கைக்கு மீறிய காரியம் அல்ல.

ஓட்டுநர்களையும் நடத்துநர்களையும் குறை கூறுவது என் நோக்கம் அன்று. அவர்களுக்கு உணவகத்தில் தனி அறையும் இலவச உணவும் கிடைப்பதைச் சுட்டிக்காட்டிப் பயணிகள் கசப்போடு பேசுவதைக் கேட்டிருக்கிறேன். ஏறக்குறைய 700 கிலோமீட்டர் தொலைவை இரவு முழுவதும் கண் விழித்துக் கடப்பவர் சூடாக, நிம்மதியாக அமர்ந்து சாப்பிடுவது நம் எல்லோருடைய உயிருக்கும் பாதுகாப்பு. ஐந்து மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேரமாவது ஓய்வு தர வேண்டும் என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த உணவை உணவக உரிமையாளர் இலவசமாகத் தரும்வரை, அங்குள்ள குறையை அவரிடம் எடுத்துச் சொல்லும் நிலையில் பணியாளர்கள் இருக்கமாட்டார்கள். பணியாளர்களின் இரவு உணவுக்கான செலவைப் பேருந்தை இயக்கும் நிறுவனமே ஏற்றுக்கொள்ளட்டும். பயணி சாப்பிடும் அதே சாம்பாரை அதே கூடத்தில் அவர்களும் சாப்பிடட்டும். ஒரே மாதத்தில் அந்தச் சாம்பாரின் தரம் உயர்வதைக் காணலாம்.

அண்டை மாநிலத்தில் ஒரு வழி காட்டியிருக்கிறார்கள். கேரள அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-ஆம் ஆண்டு, தன் நெடுந்தூரப் பேருந்துகள் நின்று செல்ல வேண்டிய 24 உணவகங்களின் பட்டியலையும், காலை, மதிய, இரவு உணவுகளுக்கு எந்தெந்த நேரத்துக்குள் நிறுத்த வேண்டும் என்பதையும் பொதுமக்கள் அறிய வெளியிட்டது. எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்த நேர வரையறைதான். இரவு உணவு என்பது எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே உண்ண வேண்டியது. உரிமம் பெற்ற உணவகம் எந்த மைல்கல்லில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பயணியின் வயிறு பசிக்காது. சர்க்கரை நோயாளிகள், கருவுற்ற பெண்கள், கைக்குழந்தையோடு வரும் தாய்மார்கள் ஆகியோர் ஒவ்வொரு பேருந்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு இரவு 11.10 என்பது சாப்பாட்டு நேரம் அல்ல.

ஆகவே போக்குவரத்துத் துறை அடுத்த ஒப்பந்தப்புள்ளியில் அதிகக் கட்டணம் தருபவருக்கே உரிமம் என்ற முறையை விட்டுவிட்டு, உணவின் தரம், விலை, கழிப்பறை, பேருந்து அந்த இடத்தை வந்தடையும் நேரம் ஆகிய நான்கையும் முதலில் சோதித்து, அதில் தேறியவர்களிடம் மட்டும் கட்டணத்தைப் பற்றிப் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உணவுப் பாதுகாப்புத் துறை அலுவலர்கள் பகலில் ஆய்வு செய்வது போதாது. இரவு 11 மணிக்கும் 2 மணிக்கும் முன்னறிவிப்பின்றி, முடிந்தால் ஒரு பயணியாகவே பேருந்திலிருந்து இறங்கிச் சென்று பார்க்க வேண்டும். கழிப்பறைக்குக் காசு வாங்குவதை உடனே நிறுத்த வேண்டும். இதற்கு ஆய்வுக் குழு எதுவும் தேவையில்லை. ஆம்னிப் பேருந்துகளுக்கும் இவற்றை அனுமதியின் நிபந்தனையாகவே சேர்க்கலாம். பேருந்து எந்த உணவகத்தில், எத்தனை மணிக்கு நிற்கும் என்பதைப் பயணச்சீட்டிலேயே அச்சிட வேண்டும். இருக்கை எண்ணையும் புறப்படும் நேரத்தையும் அச்சிடும் இயந்திரத்துக்கு இன்னும் ஒரு வரி பெரிய சுமையாகாது.

தை மாதம் பேத்தியின் காதணி விழாவுக்காகத் தாயாரை மீண்டும் சென்னைக்கு அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அந்த ஒரு வரி அதற்குள் பயணச்சீட்டில் வந்துவிட்டால், அவருடைய மாத்திரையை எத்தனை மணிக்குக் கொடுப்பது என்பதை வீட்டிலிருந்து கிளம்பும்போதே முடிவு செய்துகொள்வேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் வாசகி,
நாகர்கோவில்.