வௌவால் இறக்கைக்கு வெட்டிய இரண்டு மார்க்: பத்தாம் வகுப்பு அறிவியல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கும் ஆசிரியர்களுக்கு, வணக்கம்.

என் மகள் இந்த வருஷம் பத்தாவது. வௌவாலின் இறக்கையும் பறவையின் இறக்கையும் அமைப்பு ஒத்த உறுப்புகளா (ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே உள்ளமைப்பு), செயல் ஒத்த உறுப்புகளா (வந்த வழி வேறு, செய்யும் வேலை ஒன்று) என்று காலாண்டுத் தேர்வில் ஒரு இரண்டு மார்க் கேள்வி. இவள் "இரண்டும்தான்" என்று எழுதிவிட்டு வந்தாள். சிவப்பு மையில் குறுக்கே ஒரு கோடு, பக்கத்தில் பூஜ்யம். மார்க்குக்காகச் சண்டை போட வரவில்லை, சத்தியமாக. ஆனால் அவள் எழுதியது சரி. அது ஏன் சரி என்பதில்தான் அந்தப் பாடத்தின் உயிரே இருக்கிறது, அதனால்தான் இந்த மடல்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை பாயிடம் இறக்கையை வெட்டாமல் நுனியோடு முழுசாகக் கேட்டு வாங்கி, வெறும் தண்ணீரில் வேகவைத்துச் சதையை உரித்தெடுத்தோம் (குக்கருக்காக வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக்கதை). பழைய பேப்பரில் எலும்பைப் பரப்பி, பக்கத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். தோளிலிருந்து ஒரே எலும்பு. முழங்கை. அதற்குக் கீழே இரண்டு எலும்பு, ஒன்று தடிமன், இன்னொன்று ஈர்க்குச்சி மாதிரி. மணிக்கட்டில் சின்னத் துணுக்குகள். அப்புறம் ஒட்டிப்போன விரல்கள், கட்டைவிரல் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் தனியாக ஒரு முள். "அப்பா, இது கையேதான்" என்றாள். ஹியூமரஸ், ரேடியஸ், அல்னா என்று இந்தக் கை எலும்புகளின் பெயரை நோட்டில் எத்தனையோ தடவை எழுதிப் பார்த்தவள்தான்!

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். முதுகெலும்புள்ள விலங்குகளில் சிறகடித்துப் பறக்கக் கற்றவை மூன்று கூட்டம்: பறவை, வௌவால், டைனோசர் காலத்துப் பறக்கும் ஊர்வனவான டெரோசர். பறவை விரல்களைச் சுருக்கி ஒட்டிக்கொண்டு கை நெடுக இறகை வளர்த்தது. வௌவால் நான்கு விரல்களைக் குடைக்கம்பி போல நீட்டி நடுவில் தோலை விரித்தது. டெரோசரோ நான்காம் விரல் ஒன்றை மட்டும் நீளமாக்கி அதில் சவ்வைக் கட்டியது. ஆக இறக்கையாகப் பார்த்தால் மூன்றும் தனித்தனியாக உருவானவை, வேலை மட்டும் ஒன்று, செயல் ஒத்தவை. முன்னங்காலாகப் பார்த்தால் மூன்றும் ஒரே கை, அமைப்பு ஒத்தவை. இவற்றின் பொது மூதாதைக்குக் கை இருந்தது, இறக்கை இல்லை. அவ்வளவுதான் விஷயம். பட்டாம்பூச்சியை இதில் சேர்த்தால் அது செயல் ஒத்தது மட்டும்தான், அதன் இறக்கையில் எலும்பே கிடையாது.

ஒன்று மாதிரி ஒன்று இருப்பது மட்டும் பரிணாமத்துக்குச் சான்றாகிவிடாது, இதையும் பிள்ளைகளிடம் சொல்லுங்கள். மனித எலும்புக்கூட்டையும் பறவை எலும்புக்கூட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வரைந்து பியர் பெலோன் என்ற பிரெஞ்சு இயற்கையியலாளர் 1555-லேயே புத்தகத்தில் போட்டுவிட்டார். இந்த ஒற்றுமைகளைக் கரைத்துக் குடித்த ஆங்கிலேய உடற்கூறியலாளர் ரிச்சர்ட் ஓவன், டார்வினின் கொள்கையைக் கடைசிவரை எதிர்த்தார். ஒரே வேலைக்கு ஒரே மாதிரிக் கருவி என்றால் அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. மண் தோண்டும் அகழெலிக்கும் நீந்தும் திமிங்கலத்துக்கும் பறக்கும் வௌவாலுக்கும் எதற்கு ஒரே எலும்பு வரிசை? சுறாவும் திமிங்கலமும் ஒரே கடலில் துடுப்பு போடுகின்றன, ஆனால் திமிங்கலத்தின் துடுப்பை அறுத்தால் உள்ளே விரல்கள்! மண்வெட்டியையும் துடுப்பையும் குடையையும் ஒரே அச்சில் எந்த ஆசாரி செய்வார்? பூர்வீக வீட்டை இடிக்காமல், தலைமுறைக்குத் தலைமுறை தடுத்தும் நீட்டியும் கட்டிக்கொண்டவர்கள் வீடுதான் இப்படி இருக்கும்.

திமிங்கலம் என்றதும் இன்னொன்று. ஜம்மு காஷ்மீரின் காலாகோட் பகுதியில் ரங்கா ராவ் என்ற நம் நிலவியலாளர் சேகரித்து வைத்த பாறைகளிலிருந்து வந்தது இண்டோஹையஸ். கிட்டத்தட்ட 4.8 கோடி ஆண்டுக்கு முந்தைய, பூனை அளவு குளம்பு விலங்கு. அதன் காது எலும்பின் உட்சுவர் திமிங்கலங்களுக்கே உரிய விதத்தில் தடித்திருந்தது. 2007-ல் தொல்லுயிர் ஆய்வாளர் தெவிசனின் குழு இதை வெளியிட்டது. நாலு காலில் நடந்த ஒன்றைத் திமிங்கலத்தின் சொந்தக்காரன் என்று காட்டிக்கொடுத்தது ஒரு காது எலும்பு. இது நம் நாட்டில் கிடைத்தது, இதை வகுப்பில் சொல்லாமல் எதைச் சொல்வது?

மத்தியப் பாடத்திட்டத்தில் சுமையைக் குறைக்கிறோம் என்று பத்தாம் வகுப்பிலிருந்து பரிணாமத்தை எடுத்துவிட்டார்கள். 2023-ல் 1,800க்கும் மேற்பட்டவர்கள் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். நம் மாநிலப் புத்தகத்தில் பாடம் இருக்கிறது. இருந்தும் அதை இரண்டு பத்தி அட்டவணையாக்கி மனப்பாடம் செய்யவைத்தால், எடுத்ததற்கும் வைத்ததற்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்பது என் எண்ணம், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

அரையாண்டில் அதே கேள்வியைக் கேட்பதாக இருந்தால் "எப்படிப் பார்த்தால்?" என்று கூட ஒரு வரி சேர்த்துக் கேளுங்கள். இறக்கை எலும்புகளை மகள் காயவைத்து ஒரு பழைய ஜாமெட்ரி பாக்ஸில் போட்டு வைத்திருக்கிறாள். வகுப்பில் காட்டக் கேட்டால் கொடுத்தனுப்புகிறேன், அந்தக் கட்டைவிரல் முள் மட்டும் தொலையாமல் திருப்பித் தந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பத்தாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா