கமலாவைக் கனிமொழிக்குப் பின்னே தள்ளியது யார்?

அன்புள்ள கமலா,

கட்டுரை வந்து சேர்ந்தது. அதன் வாதத்தைப் பற்றிச் சிங்கப்பூர்த் தேக்காவில் கோப்பிக் கடையில் உட்கார்ந்து சாவகாசமாகப் பேசலாம். இப்போது அவசரம் கடைசி ஐந்து பக்கத்துக்குத்தான். மாநாட்டுக்குழு ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) மேற்கோள் கையேட்டின் ஏழாம் பதிப்பு முறையைக் கேட்டிருக்கிறது. உன் துணைநூல் பட்டியலோ பாதி ஆறாம் பதிப்பு, பாதி மென்பொருளின் இஷ்டம்.

முதலில் வரிசை. தமிழ் நூல்களில் கணபதி, கண்ணன், கனிமொழி, கமலா, கலைச்செல்வி என்று போட்டிருக்கிறாய். இது அகராதி வரிசை இல்லை, யூனிகோட் எண் வரிசை, அதாவது கணினி ஒவ்வொரு எழுத்துக்கும் வைத்திருக்கும் எண்ணின் வரிசை. அந்த அட்டவணையில் 'ன' எழுத்து 'ந'வுக்கு அடுத்தே உட்கார்ந்திருக்கிறது. 'ற' எழுத்து 'ல'வுக்கு முன்னால். 'ள', 'ழ' இரண்டும் 'வ'வுக்கு முன்னால். புள்ளிக்கு 'க', 'ப' போன்ற எழுத்துகளையும் உயிர்க்குறிகளையும் விடப் பெரிய எண். அதனால்தான் கண்ணன் கணபதிக்குப் பின்னால் போய்விட்டார். அகராதியில் மெய் முதலில், உயிர்மெய் பிறகு. சரியான வரிசை இது: கண்ணன், கணபதி, கமலா, கலைச்செல்வி, கனிமொழி. ஜெயந்தியும் தப்பான இடத்தில் இருக்கிறார். கிரந்த எழுத்துகள் 'ன'வுக்கும் பிறகுதான். அவர் வள்ளியம்மைக்குக் கீழே வரவேண்டும், தமிழரசனுக்கு மேலே அல்ல.

வேர்டில் வரிசைப்படுத்தும் பெட்டியைத் திறந்தால் விருப்பத்தேர்வுகளில் மொழியைத் தமிழாக மாற்ற இடம் உண்டு. மாற்றினாலும் கண்ணால் ஒருமுறை பார். நாற்பது பதிவைக் கையால் நகர்த்தப் பத்து நிமிடம் போதும். ஆனால் பட்டியலைத் தயாரித்துத் தரும் மென்பொருளான சோட்டெரோவின் இணைப்பு உயிரோடு இருக்கும்போது நகர்த்தாதே. அடுத்த முறை புதுப்பித்ததும் எல்லாம் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். கோப்புக்கு ஒரு நகல் எடுத்து, நகலில் இணைப்பைத் துண்டித்துவிட்டு நகர்த்து.

இன்னொரு கள்ளத்தனம், கண்ணுக்கே தெரியாது. 'பொன்னுசாமி' உன் பட்டியலில் இரண்டு ஆளாக இருக்கிறார். 'பொ'வில் வரும் ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் சேமிக்கலாம், ஒற்றைக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு எண்ணாகவும் சேமிக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், மென்பொருளுக்கு வேறு வேறு. பிடிஎப்பிலிருந்து வெட்டி ஒட்டிய பெயர்களில் இது அடிக்கடி நடக்கும். பெயரை அழித்துவிட்டுக் கையால் தட்டு.

பெயர்களுக்கு வருகிறேன். நம் ஊரில் நான்கு விதப் பெயர்மரபு கலந்து கிடக்கிறது. மென்பொருளோ கடைசிச் சொல்தான் குடும்பப் பெயர் என்று முடிவு கட்டிவிடுகிறது. லீ குவான் இயூவை 'இயூ, எல். கே.' ஆக்கி வைத்திருக்கிறாய். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முன்னால் வரும், ஆகவே 'லீ, கே. ஒய்.' என்றுதான் ஆங்கிலப் பகுதியில் நிற்கவேண்டும். யூசோஃப் பின் இஷாக்கில் 'இஷாக்' அப்பா பெயர். யகர வரிசையில் தேடுகிறவர் இகரத்துக்குப் போகமாட்டார். தமிழ்ப் பெயரில் முன்னெழுத்து அப்பாவுடையது, எனவே கோ. சாரங்கபாணி 'சாரங்கபாணி, கோ.' ஆவார். அதில் நீ தப்புச் செய்யவில்லை. 'எஸ்/ஓ' (இன்னாரின் மகன்), 'டி/ஓ' (இன்னாரின் மகள்) போட்ட பெயர்களில்தான் சறுக்கியிருக்கிறாய்: அதற்குப் பின்னால் வருவது தகப்பனார். தலைச்சொல்லாக அவரை நிறுத்தினால் எழுதியவர் காணாமல் போவார். தேசிய நூலக வாரியம் 'வாரியம், தே. நூ.' என்று நிற்பதைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். சோட்டெரோவில் ஆசிரியர் பெட்டிக்குப் பக்கத்தில் உள்ள சின்னப் பொத்தானைத் தட்டினால் இரண்டு கட்டம் ஒன்றாகும். நிறுவனப் பெயரெல்லாம் அந்த ஒற்றைக் கட்டத்துக்குள்தான் போகவேண்டும்.

பழைய பதிப்பின் மிச்சங்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பதிப்பகத்தின் ஊர் இப்போது வேண்டாம். 'சென்னை:', 'சிங்கப்பூர்:' எல்லாவற்றையும் எடு. ஆசிரியர் இருபது பேர் வரை அத்தனை பேரையும் எழுது. இருபத்தொன்றைத் தொட்டால் முதல் பத்தொன்பது, மூன்று புள்ளி, கடைசி ஆள். உள்ளே மேற்கோள் காட்டும்போது மூன்று பேர் என்றாலே முதல் தடவையிலிருந்து 'மற்றும் பிறர்'. டிஓஐ (கட்டுரைக்கு இணையத்தில் தரும் நிரந்தர அடையாள எண்) முழு இணைய முகவரியாக இருக்கவேண்டும், முடிவில் முற்றுப்புள்ளி கூடாது. வைத்தால் அதுவும் முகவரியோடு ஒட்டி இணைப்பு திறக்காமல் போகலாம். பிடிஎப்பில் வரி மடங்கிய இடத்தில் டிஓஐக்குள் ஒரு இடைவெளி நுழைந்திருக்கும். ஒவ்வொன்றையும் சொடுக்கிப் பார்த்துவிடு.

தொங்கு வரியை, அதாவது முதல் வரி தவிர மற்ற வரிகள் உள்ளே தள்ளி நிற்பதை, எண்டரும் டேபும் தட்டி அமைத்திருக்கிறாய். எழுத்துரு மாறினால் தமிழ் வரிகள் வேறு இடத்தில் மடங்கும், உடனே எல்லாம் சிதறும். பட்டியல் முழுவதையும் தேர்ந்தெடுத்து வேர்டில் கண்ட்ரோல்-T அடி, அளவு 1.27 செண்டிமீட்டர்.

தமிழ் முரசின் பழைய செய்திகளுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்று 'பெயர் தெரியாதவர்' போட்டிருக்கிறாய். அப்படி வேண்டாம். செய்தித் தலைப்பே ஆசிரியர் இடத்துக்கு வரும். அடுத்து ஆண்டு, மாதம், நாள், பிறகு இதழ்ப் பெயர் சாய்வெழுத்தில், பக்க எண். (தமிழைச் சாய்த்தால் அழகு கெடுகிறது என்பது என் கட்சி. குழு கேட்கிறது, போட்டுவிடு.) நீ எடுத்த பேட்டிகள் பட்டியலில் வரக்கூடாது, யாரும் தேடிக் கண்டுபிடிக்க முடியாதே. கட்டுரைக்குள் பெயரும் தேதியும் போதும். தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பதிவுகள் வேறு கதை. சேர்க்கை எண்ணையும் நாடா எண்ணையும் கொடுத்து அவற்றைப் பட்டியலில் சேர்.

கடைசியாக, அந்தச் 'சர்வசித்து வருடம், மாசி' நூல். நீ 1887 என்று எழுதியிருக்கிறாய். தமிழ் ஆண்டு சித்திரையில் பிறக்கிறது. அந்தச் சர்வசித்து 1887 ஏப்ரலில் தொடங்கியது என்றால் அதன் மாசி 1888 பிப்ரவரி வாக்கில் வரும். அறுபது ஆண்டுச் சுழற்சி என்பதால் 1947லும் ஒரு சர்வசித்து உண்டு. அச்சுக்கூடத்தின் பெயரையும் தாளையும் பார்த்து எது என்று முடிவு செய். மூலப்பிரதி உன்னிடம்தானே இருக்கிறது, முதல் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் படமெடுத்து வாட்ஸப்பில் போடு, நானும் பார்க்கிறேன்.

அன்புடன்,
வாசுகி