வேலை யார் கொடுப்பான்?

போர்த்மடோக், வேல்ஸ், பிரிட்டன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி.

2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் சிவிலையும் மெக்கானிக்கலையும் தமிழ்வழியில் கொண்டுவந்தபோது டீக்கடையில் நாம் போட்ட சண்டை ஞாபகம் இருக்கிறதா? "படிச்சுட்டா மட்டும் போதுமா, வேலை யாருடா கொடுப்பான்?" என்றாய். இந்த வருஷம் அதே கேள்வியை வீட்டில் நான் கேட்டேன், வேறொரு மொழிக்காக: வேல்ஸின் சொந்த மொழியான வெல்ஷுக்காக.

மகள் பள்ளி முடித்துக் கோலெக் மெய்ரியன்-த்வைவோரில் சேர்ந்திருக்கிறாள். நம்மூர் ப்ளஸ் டூ, ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் மூன்றையும் ஒன்றாகப் போட்டது மாதிரியான கல்லூரி. டோல்கெத்லை, புத்லெலி, கிளின்த்லிவன் என்று மூன்று இடங்களில் நடக்கிறது. கிளின்த்லிவன் ஒரு பிரபுவின் பழைய எஸ்டேட். இப்போது அங்கே ஆடு, மாடு, டிராக்டர். வெல்டிங்கிலிருந்து குழந்தைப் பராமரிப்பு வரை வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் படிக்கலாம்.

இவள் எடுத்தது உடல்நலமும் முதியோர் பராமரிப்பும். எட்டு வயதில் இங்கே வந்தவள். வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்றே க்வினெத் கவுன்சில் (எங்கள் பகுதியின் உள்ளாட்சி) நடத்தும் மொழி மையத்தில் போட்டு எடுத்ததில் வெல்ஷ் சரளம். ஆனாலும் ஆங்கிலத்திலேயே படிக்கட்டும் என்றேன். என் மனைவி விடவில்லை. வீடு வீடாகப் போகும் நர்ஸ் அல்லவா, அவளுக்குத் தெரியும்: டிமென்ஷியா என்ற மறதிநோய் முற்றிய பாட்டிகள் சிலருக்கு, தாய்மொழிக்குப் பிறகு கற்ற ஆங்கிலம் நழுவிவிடுகிறது. வலி எங்கே என்று வெல்ஷில் கேட்டால்தான் பதில் வரும். நோயாளி வாய்திறந்து கேட்கும்வரை காத்திருக்காமல் நாமே வெல்ஷில் பேச முன்வர வேண்டும் என்பது 2012 முதல் இங்கே அரசின் கொள்கை. க்வினெத் கவுன்சிலின் அலுவலக மொழியே வெல்ஷ்தான். ஆக, வேலை கொடுப்பவனே அந்த மொழியைக் கேட்கிறான். நம்மிடம் குறைவாக இருப்பது இந்த ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. பாடப்புத்தகம், கலைச்சொல் எல்லாம் நாம் போட்டுவிட்டோமே!

வகுப்பில் ஆசிரியர் வெல்ஷில் விளக்குவார், திணறுகிறவனுக்கு ஆங்கிலத்தில் சொல்வார். இவள் ஒரு அசைன்மென்ட் வெல்ஷில் எழுதுகிறாள், இன்னொன்று ஆங்கிலத்தில். அதற்காக எல்லாம் அமோகம் என்று நினைத்துவிடாதே. பள்ளி முழுக்க வெல்ஷில் படித்த பிள்ளைகள்கூடப் பதினாறு வயதில் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார்கள். வேல்ஸில் வெல்ஷ் பேசுவோர் 2011-இல் 19 சதவீதம், 2021-இல் 17.8. 2050-க்குள் பத்து லட்சம் பேர் என்று அரசு இலக்கு வைத்திருக்கிறது; எனக்கென்னவோ நம்பிக்கை பாதிதான். வேலைக்கான விளம்பரத்தில் மொழியைக் கேட்பது நின்றுபோனால் இந்தக் கல்லூரியாலும் ஒன்றும் செய்ய முடியாது.

அது கிடக்கட்டும். உன் பையன் டிப்ளமோவில் எந்தப் பிரிவு எடுத்தான் என்று நீ எழுதவே இல்லையே? அவன் இஷ்டமா, உன் இஷ்டமா என்றும் சேர்த்து எழுது.

உன்,
ரவி