அக்காவுக்கு, தொப்பியைத் தூக்காத பனிமனிதனைப் பற்றி

அக்கா,

அம்மா போய் இந்த டிசம்பரோடு ஒரு வருஷம். அந்த நாளையும் அதற்கப்புறம் நடந்ததையும் எழுதப் போவதில்லை. உனக்குத் தெரியாதது அதில் எதுவுமில்லை. இதைப் படிக்கிறவர்களில் நம் வீட்டு மனிதர்களும் இருப்பார்கள். அவர்கள் முன்னால் ஒரு பக்கத்துக் கதையை மட்டும் வைக்க எனக்கு மனம் வரவில்லை. கார்டைப் பற்றி மட்டும் சொல்கிறேன். போனை நீ எடுத்திருந்தால் இதுவும் நமக்குள்ளேயே முடிந்திருக்கும்.

அந்தப் பனிமனிதன் கார்டு அம்மாவின் பெட்டி அடியில் இருந்தது. உனக்கு அப்போது 16, எனக்கு 11. அது வரைக்கும் நாம் செய்த கிறிஸ்துமஸ் கார்டெல்லாம் திறந்தால் எழுந்து நிற்கிற வகைதான்: ஒரு மரம், ஒரு வீடு, இரண்டு கீறல், ஒரு மடிப்பு. அந்த வருஷம் உனக்கு மெக்கெண்டோர்ஃபர் பைத்தியம் பிடித்திருந்தது. ம்யூனிக்கில் இருந்த அந்த மனுஷர் 19-ஆம் நூற்றாண்டிலேயே ஒரே பட்டையை இழுத்தால் கை, கால், தலை எல்லாம் ஒன்றாக அசைகிற மாதிரி படப் புத்தகங்கள் செய்தார், மூட்டுகளுக்கு மெல்லிய செம்புக் கம்பியைச் சுருளாகச் சுற்றி வைத்தார் என்று எங்கோ படித்துவிட்டு, பழைய ஒயரை உரித்து உட்கார்ந்தாய். கம்பியை ஊசி முனையில் சுற்றிச் சுருளாக்கி, அட்டைத் துளையில் நுழைத்து, பின்பக்கம் நசுக்கிவிட்டாய். பட்டையை இழுத்தால் பனிமனிதன் கை உயரும். கையோடு தொப்பியும் உயரும். தொப்பிக்கடியில் சிவப்பு மார்புக் குருவி ஒன்று உட்கார்ந்திருக்கும்.

முதல் தடவை அது அசைந்தபோது நான் சத்தமே போடவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தேன். நீ "காலையில் அம்மாதான் முதலில் இழுக்கணும், தொடாதே" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போனாய்.

நான் தொட்டேன். அதைத்தான் இத்தனை வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தேன்.

விளக்கைப் போடாமல் ஜன்னல் வெளிச்சத்தில் இழுத்தேன். குருவி வந்தது, போனது. ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ, இன்னும் கொஞ்சம் இழுத்தால் தொப்பி இன்னும் மேலே போகுமோ என்று இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். கை கீழே தொங்கிவிட்டது. பட்டை என் விரலோடு வந்துவிட்டது. பசையைத் தடவி, பட்டையைத் திரும்ப உள்ளே செருகி, பனிமனிதன் கையை அவன் உடம்போடு ஒட்டினேன். காலையில் அம்மா இழுத்தாள். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, "அழகா இருக்கு கண்ணு" என்றாள். உன் முகம் போன போக்கை நான் பார்த்தேன். நீ என் பக்கம் திரும்பவே இல்லை. நீ செய்த கணக்குதான் தப்பு என்று நினைத்துக்கொண்டாய். அடுத்த டிசம்பரில் பரீட்சை என்றாய், அதற்கடுத்த டிசம்பரில் கார்டைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை.

மன்னித்துவிடு அக்கா. அம்மா முன்னாலேயே சொல்லியிருக்கலாம். அம்மா இருந்த கடைசி வாரத்தில் கூட நீயும் நானும் அவள் கட்டிலுக்கு இரண்டு பக்கமும் உட்கார்ந்திருந்தோம், அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

ஆனால் போன வாரம் பிளேடை வைத்து அந்தக் கார்டின் பின்பக்கத்தை மெதுவாகப் பிரித்தேன். நீ தடையே வைக்கவில்லை. பட்டையின் பின்னால் குறுக்காக ஒரு துண்டு, அது நுழையும் வழியைவிட அகலமாக ஒட்டியிருந்தால், அது இடித்து நின்றிருக்கும். யார் இழுத்தாலும் அதற்கு மேல் வராது. இழுக்கும் கார்டுக்கு முதல் பாடமே அதுதான். பட்டையையும் குறுக்கு இழையில், அதாவது அட்டைக்குள் நார் ஓடுகிற திசைக்குக் குறுக்காக, வெட்டியிருந்தாய். அட்டையை லேசாக வளைத்துப் பார்த்தால் ஒரு பக்கம் சுலபமாகச் சுருளும், இன்னொரு பக்கம் முரண்டு பிடிக்கும். முரண்டு பிடிக்கிற பக்கம்தான் பட்டையின் நீளம் போக வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே தள்ளும்போது இடுப்பு ஒடிந்து மடங்கும். உன் பட்டை நடுவில் மடங்கியிருந்தது. நான் தொடாமல் இருந்திருந்தாலும் அம்மா நாலு தடவை இழுத்தால் அது பிய்ந்திருக்கும். இதைச் சொன்னால் நான் செய்தது சரியாகிவிடாது. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும், ஏனென்றால் எனக்கு இதையெல்லாம் நீ சொல்லிக் கொடுத்ததே இல்லை.

உன் கையில் இருந்த கட்டரை ஒரு நாளும் நீ என்னிடம் கொடுத்ததில்லை. எனக்கு மினுமினுப்புத் தூள் தூவுகிற வேலை, உறையின் மூடியை ஒட்டுகிற வேலை, கீழே விழுந்த துண்டுகளைப் பொறுக்குகிற வேலை. நான் வெட்டிய பனித்துகள்களுக்கு எட்டுக் கை இருக்கிறது என்று குப்பையில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? காகிதத்தைப் பாதி, பாதி, பாதி என்று மடித்தால் எட்டுதான் வரும், எனக்கு வேறென்ன தெரியும்? "நீர் உறையும்போது அறுகோணமாகத்தான் கோத்துக்கொள்ளும், ஆறு கைதான்" என்று பாடம் எடுத்தாய். பென்ட்லி என்ற விவசாயி 1885 ஜனவரி 15-இல் முதல் பனித்துகளைப் படம் எடுத்தார், ஆயுளில் 5,000-க்கு மேல் எடுத்தார், ஒன்றில்கூட எட்டுக் கை இல்லை என்றாய். எல்லாம் சரி. பாதியாக மடித்து, அந்த அரை வட்டத்தை 60 பாகையாக மூன்றாக மடித்தால் ஆறு வரும் என்பதை மட்டும் நீ சொல்லவில்லை. அதை நானாகக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு குளிர்காலம் பிடித்தது.

இப்போது எனக்குக் கோபம் வருகிறது. அதனால் நான் பார்த்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பட்டையின் நுனி பழுப்பேறி, வழவழவென்று இருந்தது, அக்கா. கட்டை விரல் படுகிற இடம் மட்டும். மற்ற ஓரமெல்லாம் வெள்ளையாகவே இருக்கிறது. ஒரு நாள் இழுத்து அப்படி ஆகாது. அம்மா எத்தனை வருஷம் அதை எடுத்து எடுத்து இழுத்துப் பார்த்திருக்கிறாள் என்று தெரியவில்லை. பார்த்ததும் உனக்குத்தான் சொல்லத் தோன்றியது.

அதே பனிமனிதனைத் திரும்பச் செய்துவிட்டேன். சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள (300 ஜிஎஸ்எம்) அட்டை. பட்டை 15 மில்லிமீட்டர், வழி 16, தடை 30. மடிப்புகளை மை தீர்ந்த பேனாவால் கீறியிருக்கிறேன், உன் வழக்கம்தான். மூட்டுக்குச் செம்புக் கம்பிதான். பித்தளைப் பின் போட்டிருந்தால் உறைக்குள் தடிப்பாக நின்றிருக்கும். இருபது தடவை இழுத்துப் பார்த்துவிட்டேன், குருவி ஒவ்வொரு தடவையும் வருகிறது. வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறேன்.

பழைய கார்டை அனுப்ப மாட்டேன். கேட்காதே. பெட்டி உன்னிடம் இருக்கிறது, இது என்னிடம் இருக்கட்டும். பெட்டி விஷயத்தை இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பனிமனிதனுக்குப் பின்னால் விழுகிற பனித்துகள்களை எண்ணிப் பார். பதினொன்று இருக்கும். பத்துக்கு ஆறு கை. ஒன்றுக்கு எட்டு. அது வலது மூலையில், பட்டையை இழுக்கும்போது உன் விரலுக்கு மேலேயே இருக்கும். அதை மட்டும் பிய்த்துப் போட்டுவிடாதே.

உன் தங்கை